வியாழனுக்கு ஐந்து, சனிக்கு இரண்டு

1918 செப்டெம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை காலை. முதலாம் உலகப் போர் முடிய இன்னும் ஆறு வாரம் இருந்தது. இலண்டன் குயீன்ஸ் மண்டபத்தில், அழைக்கப்பட்ட சிறு கூட்டத்தின் முன்னே, ஒரு பெரிய வாத்தியக் குழு தனக்குச் சற்றும் பழக்கமில்லாத உருப்படி ஒன்றை வாசித்தது. ஒத்திகைக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரமும் இல்லை. உருப்படியின் பெயர் ‘கோள்கள்’. இயற்றியவர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட், பெண்கள் பாடசாலை ஒன்றின் இசை ஆசிரியர். குழுவை நடத்தியவர் ஏட்ரியன் போல்ட், 29 வயது இளைஞர். வியாழன் பகுதி முழங்கியபோது நடையில் தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு ஆடினார்கள் என்று ஹோல்ஸ்டின் மகள் இமோஜென் வழியாக ஒரு கதை உண்டு.

அதே போல்ட் 1978இல், 89 வயதில், இலண்டன் பில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் அதே ‘கோள்க’ளை ஒலிப்பதிவு செய்தார். அந்த உருப்படிக்கு அவர் செய்த பதிவுகளில் அது ஐந்தாவது, அதுவே கடைசியும். முதன்முதலில் வாசிக்கச் செய்தவரே அறுபது ஆண்டு கழித்தும் அதை வாசிக்கச் செய்து பதிந்து வைத்திருக்கிறார் என்பது இசை உலகில் அரிய செய்தி. நம் பஞ்சாங்கத்தைப் புரட்டினால் இன்னொன்றும் தெரியும்: 1918 செப்டெம்பர் காளயுக்தி வருடம், 1978இன் கோடையும் காளயுக்தி வருடம்தான்.

பிரபவ முதல் அட்சய வரையான அறுபது ஆண்டுச் சுற்று வியாழனின் கணக்கில் பிறந்தது. வியாழன் சூரியனை ஒருமுறை சுற்ற 11.86 ஆண்டு. சனிக்கு 29.46 ஆண்டு. வியாழன் ஐந்து சுற்று முடிக்க 59.3 ஆண்டு, சனி இரண்டு சுற்று முடிக்க 58.9 ஆண்டு. ஆகவே அறுபது ஆண்டு கழிந்தால், இரு பெரும் கோள்களும் முன்பு நின்ற இடத்தை ஓர் இராசிக்குக் குறைவான தூரமே தாண்டி, மீண்டும் ஏறத்தாழப் பழைய கோலத்தில் நிற்கும். அறுபதாம் கலியாணத்தில் மேளம் கொட்டுவது மணமக்களுக்காக மட்டும் என்று நினைத்திருப்போம். வியாழனும் சனியும் சேர்ந்து சமத்துக்கு வந்ததையும் அது கொண்டாடுகிறது.

மேளம் என்றதும் இணுவிலுக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால் கொக்குவில், தாவடி, பிறகு இணுவில், அதைத் தாண்டி மருதனார்மடம். இந்தச் சில கட்டைத் தூரத்துக்குள் இசை அடர்ந்து கிடக்கிறது. தவிலில் உலகமே வியந்த தெட்சணாமூர்த்தி 1933இல் பிறந்தது இணுவிலில், தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மகனாக. 1975இல், நாற்பத்திரண்டு வயது நிறையும் முன்பே அவர் போய்விட்டார். அவர் வாசித்த ஒலிப்பதிவுகள் சில இன்றும் கைக்குக் கை மாறிக்கொண்டிருக்கின்றன. மயிலைக் கற்பகாம்பாள் மீது ரி. எம். சௌந்தரராஜன் பாடிய புகழ்பெற்ற இராகமாலிகையை எழுதிய வீரமணி ஐயரும் இவ்வூர்க்காரரே. மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைப் பிரிவு இருக்கிறது. 1960இல் இசைக் கல்லூரியாகத் தொடங்கி, பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. தவிலின் ஊரிலிருந்து பார்த்தால்தான் கோள்களின் இசை சரியாகக் கேட்கும் என்பது என் உறுதியான எண்ணம். காரணத்தைச் சொல்கிறேன்.

கோள்கள் பாடுகின்றன என்ற எண்ணம் பழையது. பித்தகோரசின் வழிவந்த கிரேக்கர்கள் அதை நம்பினார்கள். ஜேர்மனியின் யொகான்னஸ் கெப்ளர் 1619இல் வெளியிட்ட ‘உலகின் இசைவு’ என்ற நூலில் ஒவ்வொரு கோளுக்கும் சுரம் எழுதியே வைத்தார். சூரியனுக்கு அருகே வரும்போது கோள் விரைகிறது, விலகும்போது தளர்கிறது. அந்த இரு வேகங்களின் விகிதத்தை அவர் இரு சுரங்களின் இடைவெளியாக எடுத்துக்கொண்டார். சனிக்கு நான்குக்கு ஐந்து, அதாவது சட்சத்திலிருந்து அந்தர காந்தாரம் வரையான தூரம். பூமியின் பாதை கிட்டத்தட்ட வட்டம் என்பதால் அதற்கு அரைச் சுர அசைவு மட்டுமே. அழகான கனவு. அந்தக் கனவைத் துரத்திய அதே நூலில்தான் அவர் தம் மூன்றாம் விதியையும் வெளியிட்டார்: பூமியின் தூரத்தையும் ஆண்டையும் ஒன்றென வைத்தால், தூரத்தைத் தன்னால் மும்முறை பெருக்கினால், காலத்தைத் தன்னால் இருமுறை பெருக்கிய எண் கிடைக்கும். சனி, சூரியனிலிருந்து பூமியைப் போல 9.54 மடங்கு தூரத்தில் இருக்கிறது. 9.54ஐ மும்முறை பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள், 29.46 வரும். சனியின் ஆண்டு அதுதான்.

ஆனால் பூமி ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுகிறது. மனிதக் காது நொடிக்கு இருபது அதிர்வுக்குக் கீழே சுரமாக எதையும் கேட்காது. பூமியின் அந்த ஒரு சுற்றை இரட்டித்து, மறுபடி இரட்டித்து, இப்படியே 32 தடவை ஏற்றினால்தான் நொடிக்கு 136 அதிர்வு என்ற கேட்கத்தக்க சுரம் ஆகும். அவ்வளவு தூரம் இழுத்துவந்து அதைப் பாட்டு என்பதில் எனக்கு நிறைவில்லை. மெதுவாகத் திரும்பத் திரும்ப வரும் ஒன்றை, எண்ணிக்கொண்டே காத்திருக்க வேண்டிய ஒன்றை, இசையில் நாம் தாளம் என்போம். கோள்கள் சுருதி வாத்தியங்கள் அல்ல. அவை தாள வாத்தியங்கள்.

இதைத் தமிழ் நாட்டில் ஒருவர் உணர்ந்திருந்தாரோ என்று முத்துசுவாமி தீட்சிதரின் வார கீர்த்தனைகளைக் கேட்கும்போது தோன்றும். நவக்கிரக கீர்த்தனைகள் என்று நாம் ஒன்பதாகப் பாடுகிறோம். ஆனால் சுப்பராம தீட்சிதர் 1904இல் அச்சிட்ட ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’யில் இருப்பவை ஏழு, இராகு, கேது இரண்டும் பின்னர் வெளிவந்தவை, அவை தீட்சிதருடையவைதாமா என்ற ஐயம் ஆய்வாளர்களிடம் உண்டு. ஏழு கிழமைக்கு ஏழு உருப்படி. ஹோல்ஸ்ட் எழுதியவையும் ஏழுதான். தீட்சிதரின் ஏழும் சூளாதி சப்த தாளங்களில், அந்தத் தாளங்களுக்குரிய வரிசை மாறாமல் அமைந்திருக்கின்றன. ஞாயிறு சௌராஷ்டிரம், துருவ தாளம். திங்கள் அசாவேரி, மட்டியம். செவ்வாய் சுருட்டி, ரூபகம். புதன் நாட்டைக்குறிஞ்சி, மிஸ்ர ஜம்பை. வியாழன் அடாணா, திஸ்ர திரிபுடை. வெள்ளி பரசு, கண்ட அட. சனி யதுகுலகாம்போதி, ஏகம். தம் மாணவர் தம்பியப்பரின் வயிற்று நோய் தீர முதலில் வியாழனைப் பாடினார், பிறகு மற்றவை பிறந்தன என்பது வழிவழிக் கதை. அந்தத் தம்பியப்பர் திருவாரூர்க் கோயிலில் சுத்த மத்தளம் வாசித்தவர் என்பது நம் கதைக்கு மிகப் பொருந்துகிறது. ஒரு தாள வாத்தியக்காரருக்காகப் பிறந்த கோள் பாட்டுகள் இவை.

ஏழு தவில்காரர்களை வட்டமாக உட்கார்த்தி, ஆளுக்கு ஒரு தாளமாக இந்த ஏழையும் ஒரே கணத்தில், ஒரே காலப்பிரமாணத்தில் தொடங்கச் சொல்லுங்கள். அட்சரங்கள் 14, 10, 6, 10, 7, 14, 4. இவர்கள் எல்லோரும் மீண்டும் ஒரே சமத்தில் விழ எவ்வளவு நேரமாகும்? 420 அட்சரம். அதற்குள் துருவம் 30 ஆவர்த்தனம் போயிருக்கும், ஏகம் 105. நொடிக்கு ஓர் அட்சரம் என்றால் சரியாக ஏழு நிமிடம். இடையில் இருவர் மூவர் சேர்வார்கள், பிரிவார்கள். ஏழு பேரும் சேர்வது அந்த ஒரு புள்ளியில்தான்.

கிழமைகளின் வரிசையே ஒரு தாளக் கணக்கு. ஞாயிறுக்குப் பின் திங்கள், பிறகு செவ்வாய் என்று ஏன் வருகிறது? வானில் மெதுவாகப் போவதிலிருந்து விரைந்து போவது வரை அடுக்கினால் சனி, வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், சந்திரன். ஒவ்வொரு மணி நேரத்தையும் ஓரை என்று பெயரிட்டு, இந்த வரிசையில் ஒவ்வொன்றுக்கும் கொடுத்தார்கள் பழையவர்கள். நாளின் முதல் ஓரை யாருடையதோ, நாளும் அவருடையது. ஏழை வைத்து இருபத்துநான்கை நிரப்பினால் மூன்று மிஞ்சும். ஆகவே மறுநாள் மூன்று இடம் தள்ளித் தொடங்கும். சனியிலிருந்து மூன்று தள்ளினால் சூரியன், அங்கிருந்து மூன்று தள்ளினால் சந்திரன், பிறகு செவ்வாய். கோர்வையின் மிச்சத்தை அடுத்த ஆவர்த்தனத்துக்குக் கொண்டுபோகும் தவில்காரர் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இதே மனப்பாங்கு நம் சித்தாந்த நூல்களில் இன்னும் பெரிதாக விரிகிறது. சூரிய சித்தாந்தம் ஒரு மகாயுகத்தை 43,20,000 ஆண்டு என்று வைத்து, அதற்குள் ஒவ்வொரு கோளும் எத்தனை சுற்று என்று முழு எண்களாகவே சொல்கிறது: செவ்வாய் 22,96,832, வியாழன் 3,64,220, சனி 1,46,568. வகுத்துப் பாருங்கள், வியாழனுக்கு 11.861 ஆண்டு, சனிக்கு 29.474 ஆண்டு. தொலைநோக்கி இல்லாத காலத்துக் கணக்கு இவ்வளவு நெருங்கியது என்பதைவிட, அது எழுதப்பட்ட முறைதான் என்னை அதிகம் ஈர்க்கிறது. பின்னம் இல்லை. எல்லாக் கோள்களுக்கும் பொதுவான ஒரு பேராவர்த்தனத்தை வைத்து, அதன் முடிவில் அனைத்தும் சமத்துக்கு வந்தே ஆகவேண்டும் என்று கணக்கைக் கட்டியிருக்கிறார்கள். துருவத்துக்கு 30, ஏகத்துக்கு 105 என்று நாம் இப்போது போட்ட கணக்கும் இதே வகை.

அந்தப் பேராவர்த்தனம் மெய்யானால் பஞ்சாங்கத்தில் சச்சரவே இருக்காது. இணுவிலுக்குத் தெற்கே கொக்குவிலிலிருந்து இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம் வருகிறது. திருக்கணிதத்தைப் பின்பற்றுவோரும் உண்டு. சனி மாற்றம் இரண்டிலும் ஒரே நாளில் வருவதில்லை. சனி மீனத்துக்கு வந்தது திருக்கணிதப்படி 2025 மார்ச் 29. வாக்கியப்படி ஏறத்தாழ ஓராண்டு பிந்தி. புரட்டாதிச் சனியில் எள்ளெண்ணெய் எரிக்கப் போகிறவர்கள் எந்த இராசிக்காக எரிப்பது என்று கேட்பதற்கு இதுவே காரணம். வாக்கியம் பழைய எண்களை மாறாமல் காக்கிறது. திருக்கணிதம் இன்றைய வானத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறது. சுற்றுக் காலத்தில் சில நாள் பிழை இருந்தாலே, நூற்றாண்டுகள் சேரச் சேர அது பாகைகளாகப் பெருகிவிடும்.

ஆனால் வானத்திலேயே ஒரு நழுவல் இருக்கிறது. பழைய பதிவுகளோடு ஒப்பிட்டபோது வியாழன் விரைந்தும் சனி தளர்ந்தும் வருவதாகத் தெரிந்தது. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டு வானியலாளர்களை இது கலங்க வைத்தது. இப்படியே போனால் ஒன்று சூரியனில் விழும், மற்றது ஓடிவிடும் என்ற அச்சம். 1785இல் பிரான்சின் லப்பிளாஸ் முடிச்சை அவிழ்த்தார். காரணம் நாம் தொடக்கத்தில் பார்த்த அதே ஐந்துக்கு இரண்டு. ஐந்து சுற்றும் இரண்டு சுற்றும் ஏறத்தாழச் சமமாக இருப்பதால், இரு கோள்களும் ஒன்றையொன்று நெருங்கும் இடங்கள் வானில் மிக மெதுவாகவே நகர்கின்றன. ஆகவே அவை நெடுங்காலம் ஒரே பக்கமாக ஒன்றையொன்று இழுக்கின்றன. பிறகு மெல்ல மறுபக்கம். இந்த ஊசலாட்டம் ஒருமுறை முடிய ஏறத்தாழ 900 ஆண்டு. ஐந்தும் இரண்டும் மிகச் சரியாகப் பொருந்தாமல் ஐந்து மாதம் பிசகுவதால் வந்த 900 ஆண்டு அலை அது.

இங்கே இயற்பியலின் உள்ளே போகவேண்டும். ஒரு கோள் மற்றொன்றை இழுப்பது மிகச் சிறிய இழுப்பு. இழுப்புகள் வேறு வேறு இடங்களில் விழுந்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். இரண்டின் சுற்றுக் காலங்கள் சிறு முழு எண்களின் விகிதத்தில் இருந்தால் இழுப்பு எப்போதும் அதே இடத்தில் விழும். ஊஞ்சலில் இருக்கும் குழந்தையைச் சரியான கணத்தில் ஒரு விரலால் தள்ளினாலே போதும், ஊஞ்சல் உயர்ந்துகொண்டே போகும். கணம் தவறினால் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் பயனில்லை. இதற்கு ஒத்திசைவு என்று பெயர். அது சில இடங்களில் ஆக்குகிறது, சில இடங்களில் அழிக்கிறது.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் சிறுகோள்களை எடுத்துக்கொள்வோம். வியாழன் ஒரு சுற்று முடிக்கும்போது மூன்று சுற்று முடிக்கும் தூரத்தில் கற்களே அரிது. அமெரிக்கரான டேனியல் கேர்க்வுட் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வெற்றிடங்களைக் கண்டு சொன்னார். அங்கே சுற்றிய கற்களை வியாழன் அதே இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்து, பாதையை நீள்வட்டமாக்கி, வெளியே தள்ளிவிட்டது. பூமியில் விழும் விண்கற்களில் பல அந்த வாசல் வழியாக வந்தவை.

வியாழனின் நிலாக்களில் தாளம் நெருப்பாகிறது. 1610இல் கலிலியோ கண்ட நான்கில் உட்புறமுள்ள மூன்று: அயோ 1.77 நாள், யூரோப்பா 3.55 நாள், கனிமீட் 7.15 நாள். ஒன்று, இரண்டு, நான்கு. முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என்று ஒரே பல்லவியைத் திரிகாலம் செய்வதுபோலவே மூன்றும் ஓடுகின்றன. இம்மூன்றும் ஒருபோதும் ஒரே பக்கத்தில் ஒரே கோட்டில் சேர்வதில்லை. யூரோப்பாவும் கனிமீடும் சேரும் கணத்தில் அயோ எதிர்ப்பக்கம் நிற்கும். இந்த விலகல் உறவையும் நிறுவியவர் லப்பிளாஸ். யூரோப்பாவின் தவறாத இழுப்பினால் அயோவின் பாதை வட்டமாக அடங்க முடியவில்லை. நெருங்கியும் விலகியும் சுற்றும் அயோவை வியாழன் பிசைந்துகொண்டே இருக்கிறது. உராய்வில் உள்ளே பாறை உருகுகிறது. ஸ்டான்டன் பீல் என்பவரும் அவருடைய இரு தோழர்களும் இந்தக் கணக்கைப் போட்டு, அயோ உள்ளே உருகியிருக்க வேண்டும் என்று வெளியிட்டது 1979 மார்ச் 2. மூன்று நாளில் வொயேஜர் 1 விண்கலம் அங்கே போய்ச் சேர்ந்தது. அடுத்த சில நாளில், அது அனுப்பிய படமொன்றின் ஓரத்தில் எரிமலைக் குடையொன்று எழுந்து நிற்பதை லிண்டா மொராபிட்டோ கண்டார். காகிதத்தில் எழுதிய மை உலர்வதற்குள் வானம் சாட்சி சொன்ன நிகழ்வுகள் அறிவியலில் அதிகமில்லை.

காக்கும் தாளத்துக்கு எடுத்துக்காட்டு புளூட்டோ. ஹோல்ஸ்ட் எழுதிய காலத்தில் அது கண்டுபிடிக்கப்படவில்லை. 2000இல் கொலின் மத்தியூஸ் ‘புளூட்டோ’ என்றொரு பகுதியை எழுதிச் சேர்த்தார். 2006 ஓகஸ்டில் புளூட்டோ கோள் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. இதை இசைக்கு நேர்ந்த ஏமாற்றமாகப் பலர் சொல்வார்கள். புளூட்டோவுக்கும் நெப்டியூனுக்கும் உள்ள உறவைத் தெரிந்துகொண்டால் அந்தப் பகுதியை நீக்க மனம் வராது. புளூட்டோவின் பாதை நெப்டியூனின் பாதைக்கு உள்ளே புகுந்து வெளியேறுகிறது. 1979 முதல் 1999 வரை அது நெப்டியூனைவிடச் சூரியனுக்கு அருகிலேயே இருந்தது. ஆனாலும் இரண்டும் நெருங்கவே மாட்டா. நெப்டியூன் மூன்று சுற்றுச் சுற்றும்போது புளூட்டோ இரண்டு சுற்று. ஏறத்தாழ 495 ஆண்டு ஆவர்த்தனம் அது. புளூட்டோ பாதையின் குறுக்கே வரும் ஒவ்வொரு தடவையும் நெப்டியூன் வேறெங்கோ தொலைவில் நிற்கும். இரண்டுக்கு மூன்று என்ற கணக்குத்தான் அதை உயிரோடு வைத்திருக்கிறது. இந்தக் கணக்குக்குள் புளூட்டோ எப்படி மாட்டியது என்பதை 1993இல் விளக்கியவர் டெல்லியில் பிறந்த ரேணு மல்ஹோத்ரா. நெப்டியூன் இளமையில் மெல்ல வெளிப்புறமாக நகர்ந்தது. போகும் வழியில் புளூட்டோவைத் தன் தாளத்துக்குள் இழுத்துக்கொண்டு போயிற்று.

விடிவெள்ளியைப் பார்ப்பவர்களுக்கு வீட்டு முற்றத்திலிருந்தே ஒரு கணக்கு உண்டு. வெள்ளி 13 சுற்று, பூமி எட்டுச் சுற்று. இரண்டும் ஒரு நாளளவே பிசகும். அந்த எட்டு ஆண்டில் வெள்ளி நமக்கும் சூரியனுக்கும் இடையே ஐந்து தடவை வரும். அந்த ஐந்து புள்ளிகளையும் சேர்த்தால் வானில் ஐங்கோணம். இன்று காலை வெள்ளி எந்தப் பனைக்கு மேலே நிற்கிறதோ, எட்டு ஆண்டு கழித்து இதே வாரத்தில் அதே பனைக்கு மேலே பாருங்கள். வெள்ளிக்குத் தீட்சிதர் கொடுத்தது கண்ட ஜாதி அட தாளம், ஐந்தின் தாளம். தற்செயல்தான் என்று அறிவு சொல்கிறது. கேட்கும்போது மகிழ்ச்சி குறைவதில்லை.

தீட்சிதர் திருவாரூரில் ஆறு வயதை ஒட்டிய சிறுவராக இருந்த 1781இல், இங்கிலாந்தின் பாத் நகரில் ஓர் இசைக்காரர் புதிய கோளொன்றைக் கண்டார். வில்லியம் ஹேர்ஷெல். ஜேர்மனியில் இராணுவ வாத்தியக் குழுவில் ஓபோ வாசித்தவர், பாத் நகரில் தேவாலய ஓர்கன் கலைஞர், சிம்பொனிகள் எழுதியவர். ஓபோவுக்கும் நாதஸ்வரத்துக்கும் சீவாளி ஒரே இனம்: இரட்டை நாணல். சீவாளி கடித்துப் பழகிய வாய்க்காரர் ஒருவர் யுரேனஸைக் கண்டுபிடித்தார் என்பதை நாதஸ்வரம் வாசிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். யுரேனஸ் பின்னர் தாளம் தப்பியது. கணக்குச் சொன்ன இடத்தில் அது இல்லை. வெளியே யாரோ இழுக்கிறார்கள் என்று ஊகித்து, அந்தப் பிசகிலிருந்தே இழுப்பவரின் இடத்தைக் கணித்தார் லெவெரியே என்ற வானியலாளர். 1846 செப்டெம்பர் 23 இரவு பெர்லினில், அவர் சொன்ன இடத்திலேயே பார்த்தார்கள். நெப்டியூன், கணித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் இருந்தது. பக்கவாத்தியக்காரர் ஒருவரின் காலப்பிரமாணம் அசைவதை வைத்து, திரைக்குப் பின்னால் இன்னொருவர் வாசிக்கிறார் என்று கண்டுபிடித்தது அது.

ஹோல்ஸ்டுக்கு இந்த வானியல் எதுவும் தேவைப்படவில்லை. 1913இல் நண்பர்களோடு மயோர்க்கா தீவுக்குப் போனபோது அவர்களில் ஒருவரான கிளிஃபர்ட் பாக்ஸ் அவருக்குச் சோதிடத்தை அறிமுகப்படுத்தினார். அதிலிருந்து முளைத்தது ‘கோள்கள்’. அதற்கு முன்பே அவர் சமஸ்கிருதம் படித்து, இருக்கு வேதப் பாடல்களைத் தாமே மொழிபெயர்த்துச் சேர்ந்திசையாக்கியவர். சாவித்திரி கதையை இசை நாடகம் ஆக்கியவர். அவரும் தீட்சிதரும் கோள்களைக் குணமுள்ள ஆட்களாகத்தான் பார்த்தார்கள். ஆனால் ஹோல்ஸ்டின் செவ்வாய் தொடங்கும்போது கவனியுங்கள்: வில்லின் மரப்பகுதியால் தந்திகளைத் தட்டி, ஐந்தைந்தாக நடக்கிறது அது. முதல் எண்ணிக்கையில் ஒரு தகிட, நான்காவதில் ஒரு தக, மற்றவற்றில் ஒவ்வொரு தட்டு. கண்டம். நான்கிலும் மூன்றிலும் நடந்து பழகிய ஐரோப்பியக் காதுக்கு அது நிலைகுலைக்கும் நடை. இணுவிலில் ஒரு பத்து வயதுப் பையன் தொடையில் தட்டிக் காட்டிவிடுவான். சனியோ இரு கூட்டுச்சுரங்கள் மாறி மாறி ஒலிக்க விளம்பத்தில் நடக்கிறது; ஏழில் ஹோல்ஸ்டுக்கு மிகவும் பிடித்தது அதுவே, எனக்கும். கடைசியில் நெப்டியூன். மேடைக்கு வெளியே மறைவில் நிற்கும் பெண்கள் குழு சொல்லில்லாமல் பாடும். இறுதி அடியை, ஒலி தூரத்தில் கரையும்வரை திரும்பத் திரும்பப் பாடச் சொல்லி எழுதினார் அவர். ஒலிப்பதிவுக் குழலின் முன்னே கலைஞர்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாசித்த 1920களின் தொடக்கத்தில் அவரே இலண்டன் சிம்பொனிக் குழுவோடு இதைப் பதிந்தார். ஒலிவாங்கி வந்ததும் 1926இல் மறுபடி பதிந்தார். ஒரு பக்கத்தில் நாலைந்து நிமிடமே கொள்ளும் தட்டில் இந்தக் கரைதலை அடக்க எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள்! திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத் தோடியும் அப்படித்தானே தட்டுக்குள் போனது.

சூரியக் குடும்பம் முழுவதும் இப்படிச் சுத்தமான கணக்கில் கட்டுப்பட்டதா என்றால், இல்லை. பிரெஞ்சு வானியலாளர் ஜாக் லாஸ்கர் 1989இல் காட்டியது இது: புதன் முதல் செவ்வாய் வரையான உட்கோள்களின் நிலையில் இன்று இருக்கும் சிறு பிழை, ஒவ்வொரு கோடி ஆண்டுக்கும் ஏறத்தாழப் பத்து மடங்காகும். பூமியின் இடத்தில் இன்று 15 மீற்றர் தவறு செய்தால், பத்துக் கோடி ஆண்டில் அது 15 கோடி கிலோமீற்றர், அதாவது சூரியனுக்கும் நமக்கும் உள்ள தூரம். அதற்கு அப்பால் பூமி எந்தப் புள்ளியில் நிற்கும் என்று எந்தப் பஞ்சாங்கமும் சொல்ல முடியாது. எழுதிவைத்த கோர்வைகளும் மனோதர்மமும் ஒரே கச்சேரியில் இருப்பதுபோல், பூட்டிய தாளங்களும் பூட்டாத ஓட்டங்களும் ஒரே வானில் இருக்கின்றன.

முழுக்கப் பூட்டிய ஒரு குடும்பம் வேண்டுமானால் நாற்பது ஒளியாண்டு போகவேண்டும். ட்ராப்பிஸ்ட்-1 என்ற சிறு சிவப்பு விண்மீனைச் சுற்றி ஏழு கோள்கள் இருப்பதை மிக்கேல் கியோன் தலைமையிலான குழு 2017இல் அறிவித்தது. ஏழும் ஏறத்தாழப் பூமியளவு. சுற்றுக் காலங்கள் நாட்களில்: 1.51, 2.42, 4.05, 6.10, 9.21, 12.35, 18.77. அயலிலுள்ள ஒவ்வொரு சோடிக்கும் எண்விகிதம்: எட்டுக்கு ஐந்து, ஐந்துக்கு மூன்று, மூன்றுக்கு இரண்டு, மறுபடி மூன்றுக்கு இரண்டு, நான்குக்கு மூன்று, மூன்றுக்கு இரண்டு. இவை ஒன்றையொன்று இழுப்பதால் விண்மீன் முன்னே வரவேண்டிய நேரத்துக்கு முந்தியும் பிந்தியும் வருகின்றன; அந்த முந்தல் பிந்தலிலிருந்தே அவற்றின் எடையைக் கணித்துவிட்டார்கள்.

இதை இணுவிலில் வாசிக்கலாம். ஒரு நாளை ஒரு நொடி என்று வையுங்கள். ஏழு தவில். முதலாமவர் ஒன்றரை நொடிக்கு ஒரு தட்டு, ஏழாமவர் ஏறத்தாழ 19 நொடிக்கு ஒரு தட்டு. தொப்பியில் ஒரு கனத்த கழி அடியாக இருந்தால் நல்லது. எல்லோரும் ஒன்றாகத் தொடங்கினால், முதலாமவர் 24 தட்டு, அடுத்தவர்கள் முறையே 15, 9, 6, 4, 3, ஏழாமவர் 2 தட்டு முடிக்கும்போது ஏழு பேரும் மீண்டும் கூடுவார்கள், 36, 37 நொடியில். கூடுவார்கள் என்றால் ஏறத்தாழத்தான். முதலாமவர் 36.3இல் விழுவார், ஏழாமவர் 37.5இல்; இடைப்பட்டவர்கள் அதே ஒழுங்கில் ஒருவர்பின் ஒருவராக. நல்ல தவில்காரர் இதைக் கேட்டால் சமம் விரிகிறது என்று முகம் சுழிப்பார். ஆனால் அந்த விரிவு பிழையால் வந்தது அல்ல. அயலிலுள்ள மூன்று மூன்று கோள்களுக்கிடையே லப்பிளாஸ் கண்ட வகை உறவு உண்டு; அது தவறாமல் இருக்க, முழுக்கோலமும் சீராக, மிக மெதுவாக நழுவிக்கொண்டே போகிறது. மருதனார்மடத்துப் பிள்ளைகள் வாசிப்பதானால், அந்த ஒன்றேகால் நொடியைத் திருத்தாமல் வாசிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்வேன்.